சிறு பிள்ளையோடு இயற்கைப் பண்ணையில் தொண்டு

விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று நம் இல்லத்துப் பெண்மக்கள் பலர் நம்மைக் கேட்பதுண்டு. ஜினாலய யாத்திரை முதலாவது. அதில் மாற்றுக் கருத்தில்லை. அதற்கு அடுத்தபடியாக ஒன்றைச் சொல்ல விழைகிறோம். 2023ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து, எம் மகளும், ஐந்து வயதுப் பேரனும், நாமுமாக வயநாட்டு மலைப்பகுதியில் ஓர் இயற்கைப் பண்ணையில் பத்து நாள் தங்கித் தொண்டு செய்து வந்தோம். கூலி கிடையாது. தங்க இடமும் உண்ண உணவும் பண்ணையார் பொறுப்பு. நாள்தோறும் சில மணி நேர உழைப்பு நம் பொறுப்பு. முப்பத்தேழு ஆண்டு கரும்பலகைக்கு முன் நின்ற பழக்கத்தால் எதை எழுதினாலும் பாடமாகவே அமைந்துவிடுகிறது, அன்பர்கள் பொறுத்துக்கொள்க.

இம்முறை வந்த வழி

1971ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் செயலாளர் பணியிலிருந்த சூ கோப்பர்ட் என்னும் அம்மையாருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அலுவலகத்தில் அடைபட்டுக் கிடப்போருக்கு நாட்டுப்புறம் செல்ல ஆசையுண்டு. ஆனால் அங்கே அவர்களுக்கு உறவினரும் இல்லை, நிலமும் இல்லை. இயற்கை முறையில் பயிரிடுவோருக்கோ களையெடுக்கவும் எருவிடவும் கைகள் போதவில்லை. இருசாராரையும் இணைத்தால் என்ன? சசெக்ஸ் வட்டாரத்தில் எமர்சன் கல்லூரியைச் சார்ந்த பண்ணையில் ஒரு வாரக்கடைசியில் இதனைச் சோதித்துப் பார்த்தனர். அது வளர்ந்து 'வூஃப்' என்னும் அமைப்பாயிற்று. முதலில் இயற்கைப் பண்ணைகளில் உழைக்கும் வாரக்கடைசிகள் என்பதே அவ்வெழுத்துகளின் விரிவு. பின்னர் நாள்கணக்கிலும் திங்கள்கணக்கிலும் தங்குவோர் பெருகவே எழுத்துகள் அப்படியே நிற்க, விரிவு மட்டும் மாறிற்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இம்முறை உள்ளது, இந்தியாவிலும் உண்டு. சந்தா செலுத்தி உறுப்பினரானால் பண்ணைகளின் பட்டியல் கிடைக்கும். நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேர வேலை என்பது பொது வழக்கம். பிள்ளைகளோடு வருவோரை ஏற்பரா என்பதைப் பண்ணையார்கள் தம் குறிப்பிலேயே எழுதியிருப்பர்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க. கூலி வாங்காவிட்டாலும், உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஈடாகச் செய்யும் வேலையைச் சில நாடுகள் வேலையென்றே கொள்கின்றன. நியூசிலாந்து அத்தகைய நாடு. அங்கே அதற்குரிய விசா வேண்டும். சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு மண்வெட்டியைத் தொடுதல் கூடாது.

நமக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. நம் சிற்றூர்களில் நடவுக் காலத்தில் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரின் கழனியில் இறங்கி உழைப்பர். பின்னர் அவர் இவர் கழனிக்கு வருவார். காசு கைமாறாது, மதியச் சோறு மட்டும் நிலத்துக்குடையவர் வீட்டிலிருந்து வரும். வடநாட்டு ஜைனருள் பலர் உழவில் உயிர்க்கேடு மிகுதி என அஞ்சி வாணிபத்தைக் கைக்கொண்டனர். தமிழ் ஜைனராகிய நாமோ செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் வழிவழியாக ஏர் பிடித்தவர்கள். ஆதிபகவன் மக்களுக்கு அருளிய ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று என்று நம் பெரியோர் சொல்லிக்கொண்டே உழுதனர். எம் தந்தையாரும் உழவரே. இருந்தும் எம் பேரன் நெற்பயிரைப் பேருந்துச் சன்னலின் வழியே அன்றிக் கண்டதில்லை. அவனை அழைத்துச் செல்ல நேர்ந்த காரணம் இதுதான்.

புறப்படுமுன் எழுதிய கடிதம்

பண்ணையாருக்கு முதலில் எம் மகள் எழுதிய கடிதம் நான்கே வரி. அதனைக் கண்டு நாம் மறுபடி எழுதச் செய்தோம். சிறு பிள்ளையோடு செல்வோர் கேட்டறிய வேண்டியவை பல. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் உண்டா? பண்ணைக்குட்டை வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு? நாய் கட்டியிருக்குமா? தேனீப் பெட்டிகள் எங்கே உள்ளன? இரவில் கழிப்பறைக்கு வெளியே நடக்க வேண்டுமா? அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நாழிகை ஆகும்? வயநாட்டில் யானை வரும் வழியும், அதனைத் தடுக்க மின்வேலியும் உள்ள நிலங்கள் உண்டாகையால் அதனையும் கேட்டோம். பண்ணையார் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதினார். குட்டைக்கு வேலியில்லை என்று ஒளிக்காமல் எழுதியதைக் கண்டே அவர்மேல் நமக்கு நம்பிக்கை பிறந்தது. எல்லாம் பாதுகாப்பாக உள்ளது, கவலை வேண்டா என்று மட்டும் எழுதும் இடத்துக்குப் பிள்ளையோடு செல்லாதிருத்தல் நன்று.

பிள்ளையை வேலையாளாகக் கணக்கிடலாகாது என்பதையும் கடிதத்திலேயே தெளிவாக்க வேண்டும். தாய் ஒருத்தி பிள்ளையைக் கவனித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வேலை செய்வது நடவாத காரியம். ஆகையால் மகள் நான்கு மணி நேரம் நிலத்தில் உழைப்பது, நாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் கைகொடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

அடுத்தது உணவு. இதுவே பெருஞ்சிக்கல். நாம் கிழங்கு வகைகளை உண்பதில்லை. கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. மலையாள நாட்டு உழவர் இல்லத்திலோ மரவள்ளி, சேனை, காய்ச்சில், சேம்பு என்று கிழங்கின்றி ஒருநாள் கழியாது. பண்ணையார் வியந்து, "அப்படியாயின் நீங்கள் என்னதான் உண்பீர்கள்?" என்று எழுதியிருந்தார். அரிசி, பயறு, வாழைக்காய், பப்பாளிக்காய், முருங்கைக்கீரை, பூசணி என்று பட்டியலிட்டு அனுப்பினோம். அங்கே சென்றபின் பலாக்கொட்டையும் சேர்ந்தது. மாலை ஐந்தரைக்கு எங்கள் மூவருக்கும் தனியே இலை போடுவதை அவ்வீட்டு அம்மையார் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கேட்டால் கிடைக்கும். கேளாமல் சென்று, அங்கே முகம் சுளிப்பதுதான் பிழை.

கோழிக்கோடு வரை இரயில், அங்கிருந்து பேருந்து. தாமரைசேரிச் சுரத்தில் ஒன்பது கொண்டைஊசி வளைவுகள். ஆறாவது வளைவில் பேரன் வாந்தியெடுத்தான். மைசூர் வழியாக வருவோர், பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிகள் செல்லத் தடையுள்ளதை நினைவிற்கொள்க. காலமும் முக்கியம். ஆனி, ஆடி மழையில் அம்மலைகளுக்குச் சிறு பிள்ளையோடு செல்லலாகாது. நாம் சென்றுவந்த மறு ஆண்டு, 2024 சூலை 30ஆம் நாள் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவை அனைவரும் அறிவீர்கள். பண்ணையார் இருந்த மலை வேறு. ஆயினும் செய்தி கேட்டு எம் மகள் உடனே தொலைபேசியில் அழைத்தாள்.

பிள்ளைக்குரிய வேலை

இங்கே நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஆசிரியைக்குக் கால அட்டவணை இல்லாமல் கை ஓடாது. காலை ஏழு முதல் எட்டு வரை நீர் ஊற்றுதல், எட்டரை முதல் ஒன்பது வரை விதை பொறுக்குதல் என்று பேரனுக்கு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதல் நாள் அரை மணி நேரம் நடந்தது. இரண்டாம் நாள் பிள்ளை வாய்க்காலில் இலைகளை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். விதைத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் அட்டவணை மழையில் நனைந்து விழுந்தது. நாம் அதனைத் திரும்ப ஒட்டவில்லை.

செருமனியில் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தம் பள்ளியைத் தொடங்கிப் பின்னர் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் சூட்டிய ஃபுரோபெல் பெருமகனார், பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் தனித்தனிச் சிறு பாத்திகளும் பொதுவான பாத்திகளும் வகுத்தார் என்று பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அதன் பொருள் விளங்க ஐம்பது ஆண்டு ஆயிற்று. பண்ணையார் ஒரு முழ அகலமும் இரண்டு முழ நீளமும் உள்ள துண்டு நிலத்தைப் பேரனுக்குக் காட்டி, "இது நின்னுடையது" என்றார். அவ்வளவுதான். மறுநாள் நாம் எழுமுன்பே பிள்ளை அங்கே குந்தியிருந்தான். பயற்று விதைகளை ஊன்றி, ஒரு நாளில் பதினொரு முறை தோண்டித் தோண்டி முளைத்ததா என்று பார்த்தான். தோண்டாதே என்று சொல்ல நாவெழுந்தது; அடக்கிக்கொண்டோம். ஐந்தாம் நாள் அவன் தோண்ட மறந்த மூன்று விதைகள் மட்டும் முளைத்திருந்தன. அவை ஏன் முளைத்தன என்று அவனே சொன்னான்.

ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வேலையில் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம் நிற்பான். பூவாளியால் நீர் ஊற்றுதல், அவரை நெற்றை உடைத்தல், உதிர்ந்த பாக்கைப் பொறுக்குதல், மாட்டுக்குப் புல் நீட்டுதல் ஆகியன அவனுக்கு ஏற்றவை. அரிவாள், கவைக்கோல், இயந்திரம் உள்ள இடம் ஆகாது. ஜீவாமிர்தத் தொட்டியைத் தனியே குறிப்பிட வேண்டும். பத்துக் கிலோ பசுஞ்சாணம், அதே அளவு கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயற்று மாவு, ஒரு பிடி மண் ஆகியவற்றை 200 லிட்டர் நீரில் கரைத்து, காலையும் மாலையும் கலக்கி, இரண்டு மூன்று நாளில் ஓர் ஏக்கருக்குப் பாய்ச்சுவர். கலக்குவதில் பிள்ளைகளுக்கு அளவிலா ஆசை. தொட்டியின் விளிம்போ அவர்கள் மார்பளவு. எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும் உயரம். பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாலன்றி அருகே விடலாகாது.

அட்டை அவ்வூரில் மிகுதி. உலர்ந்த சோப்பைக் காலிலும் காலுறையிலும் தேய்த்துக்கொண்டால் எளிதில் ஏறுவதில்லை என்பது அங்குள்ளோர் கைக்கொள்ளும் வழி. ஏறிவிட்டால் உப்போ நெருப்போ வேண்டா. அதன் வாயுள்ள முனையில் நகத்தை மெல்ல நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அட்டையும் பிழைக்கும், கடிவாயும் புண்ணாகாது. புறப்படுமுன் பிள்ளைக்கு இசிவுத் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்க.

நத்தை

இனிச் சொல்லப்போவது நம்மைப் பெரிதும் வருத்திய செய்தி. இதற்காகவே இக்கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டோம்.

ஆறாம் நாள் காலை. பண்ணையாரின் மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது, நல்ல பிள்ளை. அவனும் எம் பேரனும் வாழைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தனர். பேரன் கையில் நெகிழிப் பையைச் சுற்றியிருந்தான். "ஆயா, நான் இருபத்து மூன்று பிடித்தேன்! ஒன்று கூட விடாமல் எண்ணினேன்!" என்றான். அதுவரை பத்தொன்பதுக்குப் பின் இருபத்தொன்று என்று தாவிவிடும் பிள்ளை இருபத்து மூன்று வரை எண்ணியதைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். "எங்கே காட்டு" என்று உடன் சென்றோம். மரத்தடியில் ஒரு வாளி. அதில் உப்பு நீர். உள்ளே ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் நுரை கக்கிக்கொண்டிருந்தன. பிள்ளை எட்டிப்பார்த்து மறுபடி எண்ணத் தொடங்கினான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் நமக்கு அத்தனை வலித்திராது.

வாளியைத் தூக்கி எறியக் கை நீண்டது. ஆனால் அது பிறர் நிலம், பிறர் வாளி. பிள்ளையை அழைத்துச் சென்று கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவினோம். அதற்கு வேறு காரணமும் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குட்டிகள் இந்நத்தைகளில் தங்கும். நத்தையைத் தொட்ட கை வாய்க்குச் சென்றாலோ, அது ஊர்ந்த கீரையைக் கழுவாமல் பச்சையாக உண்டாலோ, அப்புழு மனிதர் உடலில் புகுந்து மூளையுறையில் அழற்சியை உண்டாக்கக்கூடும். கேரளத்தில் பிள்ளைகளுக்கு இந்நோய் கண்ட செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இதனை நாம் முன்பே அறிந்திருந்தால் கடிதத்திலேயே கேட்டிருப்போம். அறியவில்லை. மழைநாட்டுப் பண்ணைக்குச் செல்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது என்று இப்போது சொல்கிறோம்.

பண்ணையாரைக் குறை சொல்ல இயலாது. அந்த நத்தை நம் நாட்டு உயிரன்று. கிழக்காப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847ஆம் ஆண்டு நத்தை ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ள ஆங்கிலேயர் ஒருவர் மொரிசியசுத் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார், அங்கிருந்து பரவியது. ஒவ்வொன்றிலும் ஆண்தன்மையும் பெண்தன்மையும் உண்டு. முட்டை நூற்றுக்கணக்கில் இடும். வறட்சியில் மண்ணுக்குள் ஓட்டை மூடிக்கொண்டு உறங்கி, மழை பெய்ததும் எழும். பப்பாளிக் கன்றுகளையும் வாழையையும் காப்பி நாற்றுகளையும் ஒரே இரவில் மொட்டையாக்கும். மாலையில் நனைந்த கோணிப்பைக்கடியில் பப்பாளி இலையை வைத்தால் நத்தைகள் வந்து கூடும். விடியலில் திரட்டி உப்பு நீரில் இடுவர். நஞ்சு தெளிக்காத பண்ணைக்கு இது ஏற்கப்பட்ட முறை.

நஞ்சு இல்லாத நிலம் என்றால் கொலை இல்லாத நிலம் என்று நாம் எண்ணியிருந்தோம். இயற்கைப் பண்ணை என்றவுடன் நம்மவர் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். நாம் சிறுமியாயிருந்த நாளில் எம் ஊர்க் கழனிகளில் எண்டிரின் அடித்தபின் வாய்க்காலில் மீன்களும் தவளைகளும் வெள்ளை வயிறு தெரிய மிதந்ததைக் கண்டதுண்டு. அம்மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது 1990இல். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011இல் தடுத்தது. அதற்குள் ஊர் ஊராகப் பிள்ளைகள் நோயுற்றனர். அவற்றோடு ஒப்பிட்டால் இந்த வாளி சிறிதே. ஆனால் வாளிக்குள் இருப்பதைப் பிள்ளை ஒன்று, இரண்டு என எண்ணுகிறான். தெளிப்பான் பிடித்தவர் எவரும் எண்ணியதில்லை.

தொல்காப்பியர் நத்தையை ஈரறிவுயிர் என்று வைத்தார். நம் ஆகமங்களும் அவ்வாறே வகுக்கின்றன. இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை ஆரம்பி, உத்தியோகி, விரோதி, சங்கல்பி என நான்காகப் பிரித்து, அவற்றுள் வேண்டுமென்றே கொல்லும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும் என்றனர் ஆசாரியர்கள். உழும்போது தற்செயலாய் மாளும் புழு உத்தியோக ஹிம்சையில் அடங்கும். கோணிப்பை விரித்து, இலை வைத்து, அழைத்துக் கொல்வது எதில் அடங்கும்? பயிரைக் காக்கச் செய்வதாகையால் அதுவும் தொழிலின் பாற்பட்டதே என்று ஒரு பண்டிதர் பின்னர் நமக்கு எழுதினார். நம் மனம் ஒப்பவில்லை. ஆயினும் நாம் ஆறு நாளாக அப்பப்பாளிக் காயைக் கூட்டாகவும் பொரியலாகவும் உண்டோம். வாளி இல்லையேல் அக்காய் இல்லை.

அன்று மாலை பண்ணையாரிடம் சென்று, "சேட்டா, பிள்ளையை இந்த வேலையில் சேர்க்க வேண்டா" என்று கேட்டுக்கொண்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "டீச்சரே, எனக்கும் இது பிடித்த வேலையன்று. வேறு வழி இருந்தால் சொல்லித் தாருங்கள்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கேட்டார். நம்மிடம் விடையில்லை. எம் தந்தையார் நண்டு வளைகளுக்கு அஞ்சி வரப்போரம் இரண்டு சால் பயிரை அதற்கென்றே விட்டுவிடுவார் என்று சொன்னோம். "இந்த நத்தை இரண்டு சாலோடு நிற்காதே" என்றார். அதுவும் உண்மைதான்.

வேறு உயிரைக்கொண்டு இதனை ஒழிக்க முயன்ற கதையும் ஒன்று உண்டு. 1955இல் அவாய்த் தீவுக்கு இந்நத்தையைத் தின்னும் மற்றொரு நத்தையைக் கொண்டுபோய் விட்டனர். 1977இல் பசிபிக் கடலில் மூரியா தீவிலும் விட்டனர். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவில் மட்டுமே வாழ்ந்த சின்னஞ்சிறு மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. பத்தாண்டுக்குள் காட்டில் அவை ஒன்றும் எஞ்சவில்லை. இதனைச் சொல்லியபோது பண்ணையார், "அப்படியானால் என் வாளியே மேல்" என்றார்.

ஈற்றில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நத்தை பொறுக்குவதைப் பிள்ளைகள் எழுமுன் அவரே செய்துவிடுவார். பேரனுக்கு வேறு வேலை: நாற்பது பப்பாளிக் கன்றுகளைச் சுற்றி அடுப்புச் சாம்பலால் வட்டம் இடுதல். சாம்பலும் மரத்தூளும் உலர்ந்திருக்கும்வரை நத்தை அவற்றைக் கடப்பதில்லை. பெரிய மரங்களின் அடியில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை எம் மகள் பூசினாள். அதுவும் நத்தையை விலக்கும். பேரன் நாற்பது வட்டங்களையும் ஒரு காலையில் போட்டு முடித்தான். எண்ணிக்கையில் பிழையில்லை. இரவு மழை பெய்தது. சாம்பல் கரைந்து ஓடிற்று. மறுநாள் மறுபடி நாற்பது வட்டம். மறுபடி மழை. நான்கு நாளில் எட்டுக் கன்றுகள் போயின; முப்பத்திரண்டு நின்றன. வட்டத்தால் நின்றனவா, விடியற்காலை வாளியால் நின்றனவா என்று நம்மால் சொல்ல இயலாது.

அந்நாள்களில் ஒரு மாலை பேரன், "ஆயா, சேட்டன் கெட்டவரா?" என்று கேட்டான். "இல்லை. அவர் பிள்ளைகளின் சோறும் பள்ளிக் கட்டணமும் இந்த நிலத்தில்தான் விளைய வேண்டும்" என்றோம். "அப்படியானால் நான் ஏன் பிடிக்கக் கூடாது?" என்றான். "நம் வீட்டில் அது வழக்கமில்லை" என்று சொன்னோம். ஐந்து வயதுக்கு அந்த விடை போதும் என்று அப்போது தோன்றிற்று. போதவில்லை, ஊர் திரும்பும் இரயிலில் மறுபடி கேட்டான். வாளியில் இருந்த இருபத்து மூன்றும் என்னவாயின என்று கேட்டபோது, இறந்துவிட்டன, நீ அறியாமல் செய்தாய் என்று மெய்யையே சொன்னோம். எம் மகள் அவ்வளவு சொல்லியிருக்க வேண்டா என்று நினைத்தாள். இன்றளவும் எங்கள் இருவருக்கும் இதில் கருத்து ஒன்றுபடவில்லை.

மேலும் சில

வயநாட்டுக்குச் செல்லும் நம்மவர், கல்பெற்றாவுக்கு அருகே புளியார்மலையில் உள்ள அனந்தநாத சுவாமி ஜினாலயத்தை வணங்காது திரும்பலாகாது. சுல்தான் பத்தேரியில் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள கருங்கல் ஜினாலயம் திப்பு சுல்தான் காலத்தில் படைக்கலக் கிடங்காக இருந்தது. ஊர்ப்பெயரிலுள்ள பத்தேரி என்பதே அதனால் வந்தது. கன்னட நாட்டிலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே காப்பித் தோட்டம் வைத்துள்ள ஜைனக் குடும்பங்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டுப் பெற்றுக்கொண்டால் இரண்டு ஆலயங்களையும் ஒரே நாளில் சேவித்து வரலாம்.

நெல்லில் ஈடுபாடுள்ளோர் கந்தகசாலை, சீரகசாலை என்னும் மணமுள்ள நெல்வகைகளை அங்கே காணலாம். இரண்டுக்கும் 2010இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட மரபு நெல்வகைகளைப் பேணிவரும் செருவயல் இராமன் என்னும் பழங்குடி உழவர்க்கு 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. அத்தனை தொலைவு செல்ல இயலாதோர், நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூரில் தோற்றுவித்த வானகத்தில் நடைபெறும் பயிற்சிகளுக்குச் செல்லலாம். பிள்ளையோடு தங்க ஏற்பாடு உண்டா என்று முன்னரே கேட்டறிக.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பிள்ளைக்கு முழங்கால் வரையுள்ள ரப்பர் காலணி, முழுக்கைச் சட்டை மூன்று, நீரை வடிகட்ட வெள்ளைத்துணி, இரவில் பசியெடுக்காதிருக்க மாலையிலேயே கொடுக்கத்தக்க பொரிமாவு, கைவிளக்கு. விளையாட்டுப் பொருள்கள் வேண்டா. எம் பேரன் கொண்டுசென்ற மூன்றும் பெட்டியிலேயே இருந்து திரும்பின.

புறப்படும் நாளில் பண்ணையார் ஒரு படி கந்தகசாலை விதைநெல்லைத் துணிப்பையில் கட்டிக்கொடுத்தார். எம் தமையனார் ஊரில் கால் காணியில் விதைத்துப் பார்த்தார். பயிர் நன்றாகவே வந்தது; அரிசியில் மணம் வரவில்லை. அம்மலைக் குளிருக்கு வெளியே அது மணக்காது என்று அங்குள்ளோர் முன்பே சொல்லியிருந்தனர்.

மறுபடி எப்போது போகலாம் என்று பேரன் கேட்டுக்கொண்டேயிருக்கிறான். அண்மையில் எம் மகள் பண்ணையாருக்கு எழுதினாள். விடையில் பப்பாளி காய்த்துள்ளதாகவும், முப்பத்திரண்டில் இருபத்தாறு மிஞ்சியுள்ளதாகவும் எழுதியிருந்தார். சாம்பலைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டாராம். ஆனால் மழைக்கு முன்பே வரும்படி பிள்ளையிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார்.